ரேடியேட்டரில் நம் கடை மஞ்சள்

ஐயா,

உன் மேசை மேல் இந்தக் கடிதத்தோடு பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு பொருள் வைத்திருப்பேன். படித்து முடிக்கும்வரை அதைப் பிரிக்காதே. சின்ன வயதில் உனக்குப் பொறுமை கிடையாது, எந்தப் பொட்டலத்தையும் வாசற்படியிலேயே கிழித்துவிடுவாய். இப்போது முப்பது வயதாகிறது, கொஞ்சம் பொறு. ஆரியசாலைக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியானம் மூன்று மணி, லாரிகள் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விட்டன, தெருவில் சத்தம் குறைந்திருக்கிறது. வாயால் சொல்லத்தான் நினைத்தேன். நேற்று மட்டும் நாலு தடவை உன் முன்னால் வந்து நின்றேன். நீ "என்னப்பா?" என்றாய், நான் "ஒண்ணுமில்ல, சாப்பிட்டியா?" என்றேன். நாலு தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டால் நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் பேசிப் பேசியே மஞ்சளும் மிளகும் விற்றவனுக்கு வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். அந்த அயர்லாந்துக் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். நேற்றுக் காலையில் மாடிப்படியில் நின்று உன் சிநேகிதனிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தாய்: "ஞான் போகுந்நில்லடா. அச்சனெ இங்ஙனெ விட்டிட்டு எங்ஙனெ போகும்?" பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து, எனக்குத் தெரியக்கூடாததையெல்லாம் மலையாளத்தில் பேசுகிற பழக்கம் உனக்கு. நான் பிறந்ததே இந்த மலையாள ஊரில்தான் என்பதை மறந்துவிடுகிறாய். நான் போகவில்லை, அப்பாவை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டாயே, அந்த 'இப்படி' என்பது முழுக்க முழுக்க நான் கட்டிய பொய். இதன் நகல் ஒன்றை நம் தெரு வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர்கள், மஞ்சள் விலையைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மஞ்சளைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன்னைப் பற்றித் தெரு முழுக்கப் பேசவிட்டவன் நான், அதனால் தெரு முழுக்கப் படிக்கட்டும்.

பொய் தொடங்கியது நம் காரில். நீ ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் வாங்கியது அது. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில்தான் இருக்கிறது, வண்டியில் இல்லை. பின்சீட்டில் அம்மா உட்காரும் பக்கத்துக் கண்ணாடி இறங்காமல் போய் ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. கழக்கூட்டத்தில் உன் ஆபீஸ் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்த நீ பார்த்துவிட்டு, "அப்பா, தண்ணி இப்படிக் குறையக் கூடாது. வர்க்‌ஷாப்ல காட்டணும் கேட்டோ" என்றாய். காட்டலாம், காட்டலாம் என்றேன். உனக்கு என் குணம் தெரியும். வர்க்‌ஷாப்பில் ஒன்றைக் காட்டப் போனால் ஒன்பதைச் சொல்வான் என்பது என் கட்சி. அப்போதுதான், ஈரோட்டிலிருந்து நமக்குச் சரக்கு கொண்டுவரும் லாரி டிரைவர்கள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் இரண்டு ஸ்பூன் மஞ்சள் பொடி போட்டு ஓட்டுவார்களாம். அது போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளுமாம். கடையில் மூட்டை மூட்டையாக மஞ்சள் வைத்திருப்பவன் வேறு வைத்தியம் தேடுவானா? ஸ்பூன் கணக்கெல்லாம் நமக்கு எங்கே தெரியும். அரைத்து வைத்திருந்த முதல்தரப் பொடியில் கால் கிலோ பொட்டலம் ஒன்றை அப்படியே கவிழ்த்துவிட்டு மூடியை மூடினேன். அது வியாழக்கிழமை. வெள்ளி, சனி இரண்டு நாளும் தண்ணீர் குறையவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நீ சிரிப்பாய் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ எங்களைப் பொன்முடிக்குக் கூட்டிப்போனாய். ஏதோ சொல்லப்போகிறாய் என்று புறப்படும்போதே எனக்குத் தெரியும். காரணமில்லாமல் அப்பா அம்மாவை மலைக்குக் கூட்டிப்போகிற பிள்ளை இல்லை நீ. கல்யாண விஷயம் என்று அம்மா நினைத்துப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வித்துரா தாண்டி ஏற்றம் தொடங்கியதும் நல்ல மழை. கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டாய். இரண்டாவது வளைவில் அயர்லாந்து என்ற பேச்சை எடுத்தாய். ஐந்து வருஷ வேலை என்றாய். நீ சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினாய், நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெப்பம் காட்டும் அந்த ஊசி நடுவை விட்டு மெல்ல மெல்ல மேலே போனது. நீயும் பார்த்துவிட்டாய். ஏசியை அணைத்து, எஞ்சின் சூட்டை உள்ளே இழுக்கட்டும் என்று ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டாய். அது சரியான யோசனைதான், பிறகு மெக்கானிக்கும் சொன்னான். ஆனால் உள்ளே எங்கள் நிலையை நினைத்துப் பார். வெளியே கண் தெரியாத மூடுபனியும் மழையும், ஒதுக்கி நிறுத்த இடம் ஒன்றும் இல்லை, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, காலடியிலிருந்து நெருப்பாகக் காற்று அடிக்கிறது. "கண்ணாடியத் திறங்களேன், மூச்சு முட்டுது" என்று அம்மா பின்னாலிருந்து சொல்கிறாள், அவள் பக்கத்துக் கண்ணாடி இறங்காது, என் பக்கத்தை இறக்கினால் மழை முகத்தில் அறைகிறது. நீயோ தொடங்கிய பேச்சை நிறுத்த முடியாமல் அந்தச் சூட்டுக்குள்ளேயே விசா, வாடகை, லீவு என்று சொல்லிக்கொண்டே போகிறாய். எனக்குக் காரணம் தெரியும். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியும். நிறுத்து, நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வளைவில் பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. வண்டி நின்றுவிட்டது.

எஸ்டேட் ஜீப் ஒன்று கயிறு கட்டி நம்மை வித்துராவுக்கு இழுத்துவந்ததும், அங்கே வர்க்‌ஷாப் வைத்திருக்கிற செல்வன் வந்ததும் உனக்குத் தெரியும். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க்காரன், நம்மிடம் பேச ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டான். "ஒரு மணிக்கூர் ஆறட்டு அண்ணாச்சி. சூட்டோட மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துபோவும்" என்று எங்களை உட்காரவைத்தான். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கத்தைக் காட்டினான். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் காப்பி நுரை போல வெளுத்துப் பொங்கியிருந்தது. "ஆயில்ல தண்ணி கலந்தாச்சு" என்றான். எஞ்சினின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தான். இரண்டு கரி பிடித்திருந்தன, நடுவில் இருந்த இரண்டும் கழுவித் துடைத்தது மாதிரி பளிச்சென்று இருந்தன. அவை இருந்த இரண்டு சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் போய் ஆவியாகிக் கழுவியிருக்கிறது என்றான். எஞ்சினுக்கும் மூடி மாதிரி மேலே இருக்கிற ஹெட்டுக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறதாம், கேஸ்கட். விரல் அகலத்துக்குள் நெருப்பும் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றை ஒன்று தொடாமல் அது பார்த்துக்கொள்கிறதாம். அது போய்விட்டால் எல்லாம் எல்லாவற்றோடும் கலந்துவிடும். அப்போது அம்மாவுக்குத் தலை சுற்றியது, நீ அவளை எதிரே இருந்த ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. செல்வன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டான். விரல் மஞ்சளாக வந்தது. முகர்ந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். "என்னத்த அண்ணாச்சி இதுக்குள்ள ஒழிச்சிய? ஊத்தினது சாம்பாரா?" என்றான். மஞ்சள் என்று சொன்னேன். எவ்வளவு என்று கேட்டான். அதையும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான். அடியில் குனிந்து பார்த்து, ஒரு ரப்பர் குழாயின் கிளிப்பைத் தொட்டுக் காட்டினான். அது தளர்ந்திருந்தது. தண்ணீர் குறைந்ததற்கு அதுதான் காரணம். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு சுற்று முறுக்கினால் தீர்ந்திருக்கும். நான் போட்ட மஞ்சள் கட்டிபிடித்து ரேடியேட்டர் வழியை எல்லாம் அடைத்து, தண்ணீர் சுற்ற முடியாமல், ஏற்றத்தில் கொதித்து, ஹெட் வளைந்து, கேஸ்கட் போயிருக்கிறது. "பையன் கொண்டுபோனதுல ஒரு தப்பும் இல்ல கேட்டியளா. சமதளத்துல போயிருந்தாலும் இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு" என்றான். மஞ்சள் தண்ணீரை வாளியில் வடித்தான். அந்த வாளியை நானே தூக்கிக்கொண்டு போய் ஷெட்டுக்குப் பின்னால் சாக்கடையில் கொட்டினேன். "அவன்கிட்ட இதச் சொல்லாதீங்க" என்று கெஞ்சினேன். "நான் பறயமாட்டேன். ஆனா நீங்க பறயணும்" என்றான்.

நீ திரும்பி வந்தபோது அவன் நல்ல தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். ரேடியேட்டர் வாயில் குமிழ் குமிழாக வந்தது, சைலன்சரில் வெள்ளை வெளேரென்று புகை. நீ முகம் செத்துப்போய் நின்றாய். "ஊசி ஏறுறதப் பார்த்தேன்பா. பேசிக்கிட்டே நிறுத்தாம விட்டுட்டேன். என் தப்புதானே?" என்று கேட்டாய். செல்வன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தான். நான் சொன்னது என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "மலையில ஏசி போட்டு ஏத்தினா எந்த வண்டிதான் தாங்கும்? சாரமில்ல, போகட்டும்" என்றேன். குற்றத்தை உன் தலையில் வைத்தேன், மன்னிக்கிற பெருமையை நான் எடுத்துக்கொண்டேன். இறங்கி வருகிற பஸ்ஸில் நீ அயர்லாந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

மறுநாளே தெருவில் எல்லோரிடமும், பையன் மலையில் ஓட்டி வண்டியைக் காலி செய்துவிட்டான் என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். "கம்ப்யூட்டர் ஓட்டுறவன் கையில கார குடுத்தா இப்படித்தான் அண்ணாச்சி" என்றார்கள். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள், நீ தலையைக் குனிந்துகொண்டு போனாய். மலையில் பயந்ததிலிருந்து கை நடுங்குகிறது, இனி என்னால் வண்டி ஓட்ட முடியாது என்று வீட்டில் வேறு சொல்லிவைத்தேன். நீ ஃபிளாட்டைப் பூட்டிவிட்டுக் கரமனை வீட்டுக்கே வந்துவிட்டாய். தினமும் காலையில் என்னைப் பைக்கில் கடையில் இறக்கிவிட்டு, அந்த நெரிசலில் கழக்கூட்டம் வரை போய், சாயங்காலம் திரும்ப வந்து என்னை ஏற்றிக்கொண்டாய். பைக்கில் பின்னால் உட்கார்ந்து உன் தோளைப் பிடித்துக்கொண்டு போவேன். சின்னப் பிள்ளையில் நீ என் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வந்தது நினைவுக்கு வரும். சந்தோஷமாக இருந்தது, ஐயா. அவ்வளவு சந்தோஷம் எனக்கு ரொம்ப வருஷமாக இருந்ததில்லை.

செல்வன் வேலையைச் சுத்தமாகச் செய்தான். இரண்டு தடவை உனக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஹெட்டைக் கழற்றி அதன்மேல் இரும்புப் பட்டையை நிறுத்தி, அடியில் மெல்லிய தகட்டை நுழைத்து, எவ்வளவு வளைந்திருக்கிறது என்று காட்டினான். டவுனுக்கு அனுப்பி அதைச் சமமாகச் செதுக்கி வாங்கினான். ரேடியேட்டரைத் தனியே எடுத்து இரண்டு பக்கமும் தண்ணீர் அடித்துக் கழுவினான், கழுவக் கழுவ மஞ்சள் வந்துகொண்டே இருந்தது. "அண்ணாச்சி கடையில இனி சரக்கு பாக்கி இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தான். புதுக் கேஸ்கட் வைத்து, புது போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, ஒவ்வொன்றையும் மூன்று தவணையாக முறுக்கினான். ஒரே மூச்சில் ஒரு மூலையை இறுக்கினால் எதிர் மூலை தூக்கிக்கொள்ளுமாம். பத்தே நாளில் வண்டி தயார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்ச நாள் இங்கேயே கிடக்கட்டும்" என்றேன். வீட்டுக்கு வந்து, பழைய மாடல், ஸ்பேர் பார்ட் கிடைக்கவில்லையாம், ஒரு மாசம் ஆகுமாம் என்று சொன்னேன்.

ஒரு மாசம். அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பத்தொன்பது வயதில் எனக்குத் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. உன் தாத்தா, மூட்டு வலி தாங்கவில்லை, ஒரு மாசம் மட்டும் கடையில் உட்கார், அப்புறம் போ என்றார். உட்கார்ந்தேன். அடுத்த வருஷம் ஒரு நாள் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, யாரும் இல்லை என்று நினைத்து அவர் கோடவுன் ஏணியில் விறுவிறுவென்று ஏறி மிளகு மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மானம் போகும் என்று நினைத்தேன். என் ஒரு மாசம் இன்னும் முடியவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்க்கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கதவு திறந்திருந்தும் போக முடியாமல் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதையே உனக்குச் செய்தேன்.

இன்று காலை நான் ஃபோனை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டேன். செல்வன் கூப்பிட்டிருக்கிறான். அம்மா எடுத்திருக்கிறாள். "அண்ணாச்சி வண்டிய எடுக்காண்டாமா? மூணு வாரமா மழையில கெடந்து நனையுது" என்று சொல்லியிருக்கிறான். மஞ்சள் கதையையும் அவள் கேட்டு வாங்கிவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடைக்கு வராதவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆட்கள் முன்னால் சத்தம் போடவில்லை. கல்லாவுக்கு அருகில் வந்து நின்று, "அவன் அங்க வரமாட்டேன்னு சொல்லப்போறான். நீங்க இங்க பார்ட் கிடைக்கலன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இன்னைக்கு நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிருவேன்" என்றாள். பிறகு என் ஃபோனைக் கல்லாமேல் வைத்துவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டாள். நான் கடையை விட்டுவிட்டு வித்துரா பஸ்ஸைப் பிடித்தேன்.

வண்டியை நானே ஓட்டிவந்தேன். நெடுமங்காட்டில் ஒரு தடவை நிறுத்தி, பானட்டைத் திறந்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பார்த்துவிட்டு மூடினேன். ஊசி நடுவில் நின்றது, கடை வரைக்கும் அசையவில்லை. என் கையும் நடுங்கவில்லை. அது ஒருபோதும் நடுங்கியதில்லை. இன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட வரவேண்டாம் என்று உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன், நீ காரணம் கேட்டிருக்கிறாய், இதுதான் காரணம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை வரும். அவனை உன் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தால், ஆசையாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லிவிடு. மூட்டு வலி என்று சொல்லாதே, பார்ட் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. நான் சொல்லிவிடுகிறேன். நீ போகக் கூடாது என்றுதான் எனக்குள் இப்போதும் இருக்கிறது. நீ போனால் வீடு வெறிச்சென்று ஆகும், நானும் அம்மாவும் கொஞ்ச நாள் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவோம். அது எங்கள் பாடு. அதை நீ சுமக்க வேண்டாம். கை நன்றாக இருக்கிறது, கால் நன்றாக இருக்கிறது, வண்டி ஓடுகிறது. உன்னை விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன்.

இனி அந்தப் பொட்டலத்தைப் பிரி. அது பழைய கேஸ்கட். செல்வன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான், இன்று கேட்டு வாங்கிவந்தேன். நடுவில் இருக்கிற இரண்டு பெரிய வட்டத்துக்கும் இடையே எரிந்து கறுத்த இடம் தெரியும். ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன, தண்ணீர் போகிற வழி. அதில் ஒன்றில் விரலை விட்டுத் தேய்த்து, முகர்ந்து பார். அந்த வாசனையிலேயே வளர்ந்தவன் நீ, உனக்குத் தெரியாமல் போகாது. நம் கடைச் சரக்குதான். உன் மேல் ஒரு தப்பும் இல்லை.

கையைக் கழுவிவிட்டு அந்தக் கம்பெனிக்கு ஃபோன் பண்ணு.

அப்பா